பாரம் பிரித்தல்

பைக்கின் இடது பெட்டியில் இன்னும் கனம் வேண்டும். அவர் உடம்பு வலப்பக்கமாகத்தான் சரிகிறது, போன மாதம் வரைக்கும் நிமிர்ந்துதான் உட்கார்ந்தார், இப்போது வலது தோள் தானாக இறங்கிக்கொள்கிறது, ஆள் சாய்ந்தால் வண்டியும் அந்தப் பக்கமே போகும், அதனால் இடது பெட்டி கனமாக இருக்கட்டும். ஆனால் எதை வைப்பது. லுங்கி, துண்டு, ரப்பர் விரிப்பு, தலையணை, சளி உறிஞ்சுகிற சின்ன மெஷின். எல்லாவற்றையும் அடைத்துக் கொக்கித் தராசில் மாட்டித் தூக்கினால் முள் அசையவே யோசிக்கிறது. படுக்கையில் கிடக்கிற மனுசனுடைய சாமானுக்கு ஏன் கனமே இருப்பதில்லை. லடாக் போனபோது இதே பெட்டிகளை மூடுவதற்கு நான் முட்டி போட்டு அழுத்தவேண்டியிருந்தது. ஸ்டவ், கூடாரம், டியூப், காற்றடிக்கிற பம்ப், அரிசி, பருப்பு, ஒவ்வொன்றையும் கையில் வாங்கி ஒரு தடவை ஆட்டிப் பார்ப்பார், கனமானது அடியில், வண்டியை ஒட்டி, லேசானது மேலே, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி, என்று முணுமுணுத்துக்கொண்டே அடுக்குவார். இப்போது போர்டிகோவில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். ஈஸ்வரமூர்த்தி, என் வீட்டுக்காரர், நெடுஞ்சாலைத் துறையில் சர்வேயர், ஈரோடு ஜில்லாவில் அவர் நடந்து அளக்காத ரோடு இல்லை. அந்தக் கால்களில்தான் முதலில் ஆரம்பித்தது. செருப்பு தானாகக் கழன்று விழுந்தது, நாங்கள் செருப்பை மாற்றினோம். அப்புறம் கை, அப்புறம் நாக்கு. உடம்பில் நரம்பு ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே போகும், நினைவு மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கும் என்று கோயமுத்தூர் டாக்டர் சொன்னார், ஆறுதலுக்குச் சொல்வது மாதிரி சொன்னார். "உண்டு" என்கிறார் நாற்காலியிலிருந்து. என்ன உண்டு? "உண்டு... ஊட்டுக்குள்ள." நாக்கு மேலே எழும்பாததால் பாதி எழுத்து வருவதில்லை, அவர் பேச்சு எனக்கும் அவர் அக்காவுக்கும் மட்டும்தான் புரியும். குண்டு. நான் காலேஜில் எறிந்த இரும்புக் குண்டு, பீரோவுக்கு அடியில் கிடக்கிறது. எடுத்துவந்து துண்டில் சுற்றி இடது பெட்டியின் அடியில், வண்டியை ஒட்டிய மூலையில் வைக்கிறேன். வண்டி லேசாக இடப்பக்கம் முனகிவிட்டு நிற்கிறது. அவர் கண்ணால் சரி என்கிறார்.

நாற்காலியிலிருந்து அவரைத் தூக்குகிறேன். கக்கத்துக்கடியில் ஒரு கை, தொடைக்கடியில் ஒரு கை, ஒரு மூச்சு. நான் பெண்கள் ஸ்கூலில் பி.டி. டீச்சர், எனக்குத் தூக்கத் தெரியும், ஆனால் முதலில் தூக்கியபோது இடுப்பு பிடித்துக்கொண்டது, மூச்சு வாங்கியது, அவர் மன்னிப்புக் கேட்கிற மாதிரி பார்த்தார். இப்போது மூச்சு வாங்குவதில்லை. இன்றைக்கு நேற்றைவிட எளிதாக இருக்கிறது. எளிதாவது தெரியக்கூடாது என்று நான் வேண்டுமென்றே "அப்பாடா" என்று ஒரு சத்தம் போடுகிறேன், அது பொய் என்று அவருக்குத் தெரியும். பின்சீட்டில் உட்காரவைத்து, முதுகுக்குப் பின்னால் இருக்கிற மேல்பெட்டியின் திண்டில் சாய்த்து, நான் முன்னால் ஏறி உட்கார்ந்து, எங்கள் இரண்டு பேர் இடுப்பையும் சேர்த்து அகலப் பட்டையால் இறுக்கிக் கட்டிக்கொள்கிறேன். அவர் கைகளை எடுத்து என் வயிற்றின்மேல் வைத்து அதையும் ஒரு துணியால் கட்டுகிறேன். எதிர்வீட்டு ரத்தினக்கா வாசலில் நின்று, "ஏங்கண்ணு கோகிலா, இந்த நெலமைல பைக்லயா? ஒரு கார் புடிக்கக் கூடாதா?" என்கிறாள். "அவருக்கு இதுதான் வேணுமாமுங்க்கா." "தாளவாடிக்கா? திம்பம் மலை ஏறி?" "ஆமாங்க்கா." "எப்பத் திரும்பறீங்க?" நான் சாவியைத் திருப்புகிறேன், இஞ்சின் சத்தத்தில் எனக்கு அந்தக் கேள்வி கேட்காமல் போய்விட்டது. போகிறது இரண்டு பேர், திரும்புகிறது நான். அவர் அங்கேயே இருக்கப்போகிறார், அவர் அக்கா வீட்டில். அவராக முடிவு செய்தார். நான் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், ஜன்னல் திறந்திருந்தது, ஸ்பீக்கரில் அவர் அக்கா தெய்வானை நங்கையா குரல், "கோகிலாகிட்டக் கேட்டியாடா?" அதற்கு அவர் இழுத்து இழுத்து, "சொல்லிக்கறேன்." கேட்டியா என்றால் கேட்டேன் என்று சொல்லவேண்டும், இல்லை கேட்கிறேன் என்று சொல்லவேண்டும். சொல்லிக்கறேன் என்றால்? நான் அவருடைய லுங்கியைக் கொடியில் போட்டு, க்ளிப் மாட்டி, மறுபடி எடுத்து உதறி, மறுபடி போட்டேன். சொல்லிக்கறேன். இருபது வருசத்துக்கு மேல் ஒட்டுக்கா இருந்துவிட்டு, சொல்லிக்கறேன்.

கோபி தாண்டியதும் வாய்க்கால் ஓரம், நெல்வயல், காற்றில் ஈரம். மெதுவாகத்தான் போகிறேன். ஸ்பீடு குறைந்தால் வண்டி ஆடும், கூடினால் அவர் தலை ஆடும், இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகம் இருக்கிறது, அதைக் காதால் பிடித்துவைத்திருக்கிறேன். அவர் ஹெல்மெட் என் ஹெல்மெட்டின் பின்னால் அவ்வப்போது டொக் என்று இடிக்கிறது. அந்த டொக் வேண்டும். அது கொஞ்சநேரம் வராவிட்டால் தூங்கிவிட்டாரா, தலை தொங்கிவிட்டதா, தலை தொங்கினால் மூச்சுக்குழாய் மடங்கும். இடது கையை எடுத்து என் வயிற்றின்மேல் இருக்கிற அவர் விரல்களை அமுக்கினால், "ம்" என்று முதுகில் ஒரு அதிர்வு வருகிறது. சரி. இருக்கிறார். அப்போதெல்லாம் பின்சீட்டில் நான். நான் அவரைவிட உயரம், அவரைவிடக் கனம், குண்டு எறிகிற உடம்பு. வண்டியில் போகும்போது சிக்னலில் நிற்பவர்கள் பார்ப்பார்கள், யானையை ஏத்திட்டுப் போறான் பாரு என்று ஒருத்தன் சத்தமாகவே சொன்னான், பெருந்துறை பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால். அதிலிருந்து நான் பின்னால் உட்காரும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவேன், மூச்சைப் பிடித்தால் எடை குறையுமா என்ன. இமாச்சலில் மேடு ஏறும்போது பார்த்தால் டேங்க்மேல் ஒரு பெரிய பை, அதில் ஸ்பானர், செயின், தண்ணீர் கேன், ஸ்டவ் எல்லாம் குவிந்திருக்கிறது, அவர் தாடை அதில் இடிக்கிறது. ஏனுங்க இத்தனையும் முன்னாடி, பெட்டியில இடமிருக்குதே என்றேன். கேமரா கைக்கெட்டற மாதிரி இருக்கணும்ல, என்றார். நான் நம்பினேன். அவருக்குக் கை விழுந்து, நான் இந்த வண்டியை ஓட்டக் கற்றுக்கொண்ட பிறகுதான் தெரிந்தது. பின்னால் பாரம் கூடினால் முன்சக்கரம் தரையை விட்டுக் கழன்ற மாதிரி லேசாகிவிடும், ஹேண்டில் சொன்னபடி கேட்காது, அதற்காக முன்னால் கனம் ஏற்றவேண்டும். ஸ்கூல் மைதானத்தில் ஒரு பெண்ணைப் பின்னால் வைத்து ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அது எனக்கு உறைத்தது. வண்டியை நிறுத்திவிட்டேன். என்ன டீச்சர் என்றாள் அந்தப் பெண். ஒன்றுமில்லை என்றேன். எத்தனை மலை, எத்தனை ஆயிரம் மைல், தாடை இடிக்க இடிக்க, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்படிச் சொல்லாதவர்தான் இப்போதும் சொல்லிக்கறேன் என்கிறார். சொல்லாமல் இருப்பது அவருக்கு அன்பு. எனக்கு அது என்னவாக இருக்கிறது என்று அவர் யோசித்தாரா.

சத்தி வந்துவிட்டது. ஆற்றுப்பாலத்தில் ஓரமாக நிறுத்தி, ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி, திரும்பமுடியாத அளவுக்குத் திரும்பி, "தண்ணி வேணுங்களா?" என்கிறேன். வேண்டாம் என்று ஒரு மூச்சு. தண்ணீர் அவருக்கு எதிரி ஆகிவிட்டது, புரையேறுகிறது, கெட்டியாகக் கலந்து ஸ்பூனில் கொடுக்கவேண்டும். ஒருநாள் நான் ஸ்கூலில் இருந்தேன், பகலில் பார்த்துக்கொள்ள வருகிற அம்மா அவசரத்தில் டம்ளரோடு கொடுத்துவிட்டாள், மூச்சு நின்று முகம் நீலமாகி, பக்கத்து வீட்டு ஆள் ஓடிவந்து முதுகில் குத்தி, நான் போய்ச் சேர்ந்தபோது அவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து மேல்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். இன்னொரு லீவு கேட்டால் சம்பளம் நிற்கும், அதற்கும் மேல் கேட்டால் வேலையே நிற்கும், அதெல்லாம் அவருக்குத் தெரியும். அந்த வாரம்தான் அந்த ஃபோன். அக்கா வீட்டில் எப்போதும் ஆள் இருக்கும், மருமகள் நர்ஸ் வேலை பார்த்தவள், குளிர்ச்சியான ஊர். எல்லாம் சரிதான். சரியான காரணங்களாக வரிசையாக வந்து நிற்கின்றன, ஒன்றையாவது அக்கட்ட தள்ள முடிகிறதா என்று ராத்திரியெல்லாம் பார்த்துவிட்டேன். பண்ணாரி. கோயில் முன்னால் கூட்டம், பொரி விற்கிறார்கள், குங்குமம் விற்கிறார்கள், நான் நிறுத்தவில்லை, தலையை மட்டும் அந்தப் பக்கம் தாழ்த்துகிறேன், தாயே. என்ன கேட்பது? குணமாக்கு என்று கேட்டுக் கேட்டு வாய் ஓய்ந்துவிட்டது. இந்த மலையை மட்டும் ஏற்றிவிடு. இல்லை, ஏற்றிவிடாதே, எங்காவது வண்டி நின்றுபோகட்டும், நாங்கள் திரும்பிவிடுகிறோம். இரண்டையும் கேட்டுவிட்டேன். அவள் எதை எடுத்துக்கொள்வாளோ.

முதல் கொண்டை ஊசி வளைவு வலப்பக்கம். வலப்பக்கம் என்றால் அவர் உடம்பு எனக்கு முன்னாலேயே உள்ளே விழுந்துவிடும், வண்டி சட்டென்று சாயும், நான் இடது தொடையால் டேங்கை அழுத்தி இழுத்துப் பிடிக்கவேண்டும். அடுத்தது இடப்பக்கம், அது இன்னும் மோசம், வண்டி இடப்பக்கம் சாயவேண்டும், அவரோ வலப்பக்கம் தொங்குவார், இரண்டு பேர் ஒரு கதவை ஆளுக்கொரு பக்கம் இழுக்கிற மாதிரி. பெட்டியில் இருக்கிற குண்டு இங்கேதான் உதவுகிறது. அப்போதெல்லாம் வளைவில் எப்படி உட்காரவேண்டும் என்று எனக்கு அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான், பயந்து எதிர்ப்பக்கம் சாயாதே, வளையற பக்கத்துத் தோளுக்கு மேல எட்டிப் பாரு, போதும். நான் எட்டிப் பார்ப்பேன், வண்டி தானாக வளையும். சொல்லிவிடலாமா, திரும்பிவிடலாம் என்று. இந்த வளைவு முடிந்ததும் சொல்கிறேன். வளைவு முடிந்ததும் ஒரு நேர்ரோடு, அங்கே சொல்லலாம், ஆனால் அங்கே எதிரே பஸ். அடுத்த வளைவு. இதில் கியரை மாற்றாமல் முடித்தால் சொல்கிறேன். கியரை மாற்றவேண்டியதாகிவிட்டது. மேலே சொல்லிக்கொள்ளலாம், மேலே ரோடு சமமாக இருக்கும். மேலே போனபிறகு திரும்புவது என்றால் இறங்கவேண்டும், இறக்கத்தில் அவர் முழு உடம்பும் என் முதுகில் சரியும், தாங்குவேனா, தாங்குவேன், எவ்வளவு இருக்கப்போகிறது. எவ்வளவு இருக்கப்போகிறது என்று நினைத்ததும் நெஞ்சுக்குள் ஏதோ பிசகுகிறது. அடுத்தது இடப்பக்கம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு சாய்க்கிறேன், அவர் வலப்பக்கம் தொங்கப்போகிறார் என்று காத்திருக்கிறேன், தொங்கவில்லை. என் இடது தோளில் ஒரு கனம் வந்து உட்காருகிறது. ஹெல்மெட். தோள் போய், முதுகு போய், கை போய், கழுத்தில் மிச்சமிருக்கிற ஏதோ ஒரு நரம்பை வைத்துக்கொண்டு அந்த மனுசர் தலையை இடப்பக்கம் தூக்கிப் போட்டிருக்கிறார். வண்டி வெண்ணெய் மாதிரி வளைகிறது. "ஏனுங்க, நோகாதுங்களா" என்கிறேன் காற்றில். முதுகில் "ம்" என்று அதிர்கிறது. நோகிறது என்றா, நோகவில்லை என்றா.

மேலே ஒரு வளைவில் கரும்பு லாரி ஒன்று திரும்பமுடியாமல் குறுக்கே நின்றுவிட்டது. எங்களுக்கு முன்னால் ஒரு பஸ், அதற்கு முன்னால் கார்கள். ஏற்றத்தில் நிற்கிறேன். வலது கை முன் பிரேக்கில், இரண்டு காலும் தரையில், வண்டி நின்றதும் அவர் மெதுவாக வலப்பக்கம் சரிய ஆரம்பிக்கிறார். ஓடும்போது தாங்குகிற வண்டி நிற்கும்போது தாங்காது. பட்டை என் இடுப்பை அறுக்கிறது. வலது காலுக்கடியில் ஜல்லி, செருப்பு வழுக்குகிறது. விழுந்தால் அவர்தான் அடியில், கை கட்டுண்டு கிடப்பவர் கையை ஊன்றக்கூட முடியாது, நான் கட்டிய கட்டு, அவர்மேல் நானும் வண்டியும், அந்தப் பக்கம் பள்ளம். "யாராவது வாங்களேன்!" என்று கத்துகிறேன், மைதானத்தில் கத்துகிற குரல். பஸ்ஸிலிருந்து தலைகள் திரும்புகின்றன, படியில் நின்றிருந்த ஒரு பெரியவரும் பச்சைச் சேலை கட்டிய ஒரு அம்மாவும் ஓடிவருகிறார்கள். அந்த அம்மா அவர் தோளைத் தன் மார்போடு அணைத்துத் தாங்கிக்கொள்கிறாள், பெரியவர் பெட்டியைப் பிடித்துக்கொள்கிறார். "தூங்கிட்டாருங்களா?" "இல்லீங்க. உடம்பு முடியாதவரு." "அய்யோ சாமி. கார்ல கூட்டிட்டு வந்திருக்கலாமில்லீங்க? இப்படியா கட்டிவெச்சுட்டு வருவாங்க?" பின்னாலிருந்து அவர் ஏதோ சொல்கிறார், நீளமாக, எழுத்தில்லாத சத்தமாக. அந்த அம்மா பயந்துபோய், "என்ன சொல்றாரு? தண்ணி கேக்கறாரா?" என்கிறாள். எனக்குப் புரிந்துவிட்டது. கார்ல வந்தா இவ முதுகு கெடைக்காதுங்க, என்றார். நான் லாரியைப் பார்த்துக்கொண்டு, "காத்து வேணுமாமுங்க, அதான் வண்டில வர்றோம்னு சொல்றாரு" என்கிறேன். "காத்துக்கென்ன, மேல போனாக் காத்துத்தான்," என்று சொல்லி அந்த அம்மா அவர் ஹெல்மெட்டைத் தடவிக்கொடுக்கிறாள், குழந்தையைத் தடவுவது மாதிரி. லாரி முனகிப் புகைவிட்டு ஒருவழியாகத் திரும்புகிறது. எனக்குப் பிள்ளைகள் இல்லை, அது வேறு பேச்சு, அது இப்போது வேண்டாம். கிளட்சை விடுகிறேன்.

திம்பம் தாண்டியதும் குளிர். மூங்கில், அப்புறம் ஆசனூர், அப்புறம் காடு விலகிச் செம்மண் வயல்கள், முட்டைக்கோசு, செண்டுமல்லி. ரோடு சமம். இங்கேதான் சொல்வதாக இருந்தேன். வாயைத் திறந்தேன், "அதா பாருங்க, செண்டுமல்லி" என்றுதான் வந்தது. இன்னும் கொஞ்சதூரம். நான் வேண்டுமென்றே மெதுவாகப் போகிறேன், ஒரு டிராக்டர் எங்களை முந்திக்கொண்டு போகிறது. அப்புறம் அந்தப் புளியமரத் திருப்பம், நங்கையா வீட்டுக் கேட், நாய், எல்லாரும் வாசலில். நங்கையா மகன் கதிரவன் வந்து, "அத்தை, நீங்க அப்படியே வண்டியப் புடிச்சுக்கங்க, நான் மாமாவத் தூக்கிக்கறேன்" என்று பட்டையை அவிழ்க்கிறான், என் வயிற்றின்மேல் கட்டியிருந்த துணியை அவிழ்க்கிறான். அவர் கைகள் என் வயிற்றைவிட்டுப் போகின்றன. தூக்குகிறான். எனக்கடியில் வண்டி மேலெழும்புகிறது, ஸ்பிரிங் நிமிர்ந்து என்னைத் தூக்கிவிடுகிறது, நான் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். முதுகில் அவர் இருந்த இடத்தில் வேர்வை, அதன்மேல் குளிர்காற்று. "இறங்கு சாமி, ஏன் வண்டிமேலயே உக்காந்திருக்கறே" என்கிறாள் நங்கையா. இறங்குகிறேன். அவருக்கென்று ஒதுக்கிய அறை கிழக்கு ஜன்னலோடு சுத்தமாக இருக்கிறது, சுவரோரம் ஆஸ்பத்திரிக் கட்டில், புது விரிப்பு. எல்லாம் எவ்வளவு நாளாகத் தயாராகிக்கொண்டிருந்தது. மருமகள் ஸ்பூனில் கஞ்சி ஊட்டுகிறாள், நிதானமாக, என்னைவிட நன்றாக ஊட்டுகிறாள். புரையேறவில்லை. எனக்குப் பொறாமை. புரையேறவேண்டும் என்று ஒரு கணம் நினைத்தேனா, நினைக்கவில்லை, இல்லை, நினைத்தேன்.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பவேண்டும், இருட்டுவதற்குள் மலை இறங்கவேண்டும், நாளைக்கு ஜில்லா போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகவேண்டும். எல்லாரும் வெளியே போய்விட்டார்கள், தெரிந்தே போய்விட்டார்கள். கட்டிலோரம் உட்கார்ந்தேன். மலையில் வைத்துக் கேட்க முடியாதது இங்கே தானாக வந்துவிட்டது. "ஏனுங்க என்னைக் கேக்கல?" அவர் ஜன்னலைப் பார்த்தார். "உங்கக்காகிட்டக் கேட்டீங்க. அக்காவ விட்டுக் கதிருகிட்டயும் கேட்டீங்க. நான் துணி காயப்போட்டுட்டு இருந்தனுங்க, எனக்குக் கேட்டுதுங்க. ஒரு வார்த்தை என்கிட்டக் கேட்டிருக்கக்கூடாதுங்களா?" அவர் பேசுவதற்கு மூச்சைச் சேர்த்துக்கொள்ளவேண்டும், கொஞ்சநேரம் ஆகும், நான் காத்திருந்தேன். ஒவ்வொரு சொல்லாக வந்தது. "கேட்டா, வேண்டாம்னு சொல்லியிருப்பே." "ஆமா, சொல்லியிருப்பேன்." "நீ சொன்னா, நான் உங்கூடவே இருந்துக்குவேன்." அவ்வளவுதான். கண் ஓரத்தில் நீர் காதுப்பக்கம் இறங்கியது, துடைத்துக்கொள்ள அவருக்குக் கையில்லை, நான் துப்பட்டாவால் துடைத்தேன், துடைக்கத் துடைக்க வந்தது, அவருடையதா என்னுடையதா என்று தெரியவில்லை. "சனிக்கெழமை வந்துருவேன்," என்றேன். "வா." "ஒவ்வொரு சனிக்கெழமையும்." "ம்." அப்புறம் வேறு குரலில், வேலை சொல்கிற குரலில், கதிரைக் கூப்பிடச் சொன்னார். கதிர் வந்தான், அவனுக்குப் புரியவில்லை, நான்தான் மாற்றிச் சொல்லவேண்டியிருந்தது, என்னைப் பற்றி அவர் சொன்னதை நானே. பெட்டியெல்லாம் இங்க இறக்கியாச்சு, பின்னாடி ஆளுமில்ல. ஸ்பிரிங் ரெண்டு ஆளுக்கு இறுக்கியிருக்குது. இவ காலியா எறங்கினா வளைவுல பின்சக்கரம் துள்ளும், பிரேக் அடிச்சா இழுத்துட்டுப் போயிரும். நல்ல கனமா ஒரு மூட்டை ஏத்திக் கட்டு. "கோசு இருக்குதுங்க மாமா, காலைல அறுத்தது" என்றான் கதிர். அவர் தலையசைத்தார். அவன் சாக்கைத் தைத்துப் பின்சீட்டில் ஏற்றிக் கயிறு போட்டு இறுக்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருதடவை, "இன்னும் முன்னாடி தள்ளி" என்றார். நான் ஜன்னலில் எட்டி, "கதிரு, இன்னும் முன்னாடி தள்ளிக் கட்டு" என்றேன். அவர் நெற்றியில் வாய்வைத்தேன். உப்பு. வெளியே வந்து வண்டியை எடுத்தேன், திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் வந்துவிடுங்கள் என்று கேட்டிருப்பேன், கேட்டால் அவர் என்கூடவே இருந்துகொள்வார்.

இறக்கத்தில் மூட்டை ஆடவில்லை, வண்டி துள்ளவில்லை, அவர் சொன்னபடியே எல்லாம் ஒழுங்காக இருந்தது. வளைவு ஒவ்வொன்றாக வந்து போனது, நான் எதையும் நினைக்கவில்லை, நாளைக்குப் பிள்ளைகளுக்கு க்ளுக்கோஸ் வாங்கவேண்டும், விசிலை எங்கே வைத்தேன், இதைத்தான் நினைத்தேன். வீட்டில் கதவைத் திறந்ததும் சக்கர நாற்காலி போர்டிகோவிலேயே நிற்கும், அதை உள்ளே தள்ளவேண்டும், யாரும் உட்காராத நாற்காலியைத் தள்ளினால் எப்படி ஓடும், வேகமாக ஓடும். கண் எரிந்தது, காற்றுக்கு. பண்ணாரி செக்போஸ்ட்டில் கம்பு இறக்கியிருந்தார்கள். காக்கி உடுப்பில் ஒரு பெண், சின்ன வயது, டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள். "மூட்டைல என்னங்க்கா?" "கோசுங்க." தட்டிப் பார்த்தாள், தையலோரம் விரல்விட்டுப் பார்த்தாள், சிரித்தாள். "கீழ கோசு கெடைக்கறதில்லீங்களா? இத்தனை பாரத்தை வெச்சுட்டு ஒத்தைல மலை எறங்கறீங்க?" "எங்க ஊட்டுக்காரரு ஏத்திவிட்டாருங்க." "பாசக்கார மனுசனாட்ட இருக்குது. அவரு வரலீங்களா?" நான் வாயைத் திறந்தேன். தாளவாடி என்று சொல்லத்தான் நினைத்தேன், கையைத் தூக்கி மலையைக் காட்டினேன், "மேல இருக்காருங்க" என்று மட்டும் வந்தது. அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. சிரிப்பு அப்படியே நின்று, கண் என் கழுத்துக்கும் நெற்றிக்கும் போய், டார்ச்சைக் கையில் எடுத்து, "அய்யோ, தெரியாமக் கேட்டுட்டனுங்க்கா, மன்னிச்சுக்குங்க" என்று கம்பைத் தூக்க ஓடினாள். எனக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் வண்டியை அணைத்துவிட்டேன், ஸ்டாண்ட் போட்டேனா தெரியாது, அவள் பின்னாலேயே ஓடினேன். "இல்லீங்க, இல்லீங்க கண்ணு, நீங்க நெனைக்கற மாதிரி இல்லீங்க." பின்னால் நின்ற கார்க்காரர் ஹாரன் அடித்தார். அந்தப் பெண் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், காலையிலிருந்து அழாத அழுகையெல்லாம் அந்தச் செக்போஸ்ட்டில் வந்தது, வாய் கோணியது, இருந்தாலும் தெளிவாகச் சொல்லவேண்டும், ஒவ்வொரு எழுத்தும் விழவேண்டும், யாருக்கும் புரியாமல் போய்விடக்கூடாது. "தாளவாடில இருக்காருங்க. அவங்கக்கா ஊட்டுல. கட்டில்ல சாஞ்சு உக்காந்திருக்காரு. இப்பத்தான் கஞ்சி குடிச்சாரு. இருக்காருங்க," என்றேன், "இருக்காரு, இருக்காரு."